பதினொரு மணிப் பூசையும் ஃபின்டன் கில்ஹூலியின் லாரியும்

ஃபின்டன் கில்ஹூலிக்கு அந்த வருடத்தின் சிறந்த தொழிலதிபர் என்று கண்ணாடிக் கோப்பை கொடுத்த அன்று, என் சட்டைக் காலருக்குள் ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டுகிறவர்களும் படத்தில் நிற்க வேண்டும் என்று அவன் சொல்லியிருந்ததால், கோழி வெட்டும் ஆலையின் கழிவை இறக்கிவிட்டு நேரே ஹோட்டலுக்குப் போயிருந்தேன். சால்மன் மீனும் வெள்ளை சாஸும் பரிமாறினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்கி மேனேஜரின் மனைவி நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இனிப்பு வருவதற்குள் அடுத்த மேஜைக்காரியாகிவிட்டாள். மேடையில் ஃபின்டன், "சுத்தமான ஊரு, சுத்தமான மனசு. அவ்வளவுதான் நம்ம தொழிலு" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பதினேழு வருடம் அவனுக்கு லாரி ஓட்டினேன். இப்போது அவன் கம்பெனியை விற்றுவிட்டு, கோர்ட் போட்ட அபராதத்தையும் கட்டிவிட்டு, போர்ச்சுகலின் தென்கரையில் கோல்ஃப் ஆடுகிறான். பச்சை லாரிகளில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகை அவன் வாழ்க்கையை முழுப்பக்கம் எழுதியது. அதில் இல்லாததை நான் எழுதுகிறேன்.

அவன் ஆரம்பித்தது ஒரு பழைய டிராக்டரிலும் அதன் பின்னால் கட்டிய டிரெய்லரிலும். அப்போது எங்கள் ஊர் கில்கொரினில் குப்பை எடுக்க யாரும் வரமாட்டார்கள். வீட்டுக் குப்பையைக் கொல்லையில் பீப்பாயில் போட்டு எரிப்பார்கள், எரியாததைப் பள்ளத்தில் தள்ளுவார்கள், செத்த கன்றைத் தண்ணீர் இல்லாத குழியில் புதைப்பார்கள். ஃபின்டன் மாட்டுச் சந்தைக்கும் சிப்ஸ் கடைக்கும் போய், "அது என்ன நாத்தம்? நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். கேட்டதெல்லாம் அவ்வளவே. பத்து வருடத்தில் ஒன்பது லாரி.

அவனைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் புரியும். அவனுக்கு அருவருப்பே கிடையாது. பிறவியிலேயே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லாரியின் பின்னால் குப்பையை நசுக்கும் தகடு சிக்கிக்கொண்டது. ஃபின்டன் சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள் வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவி, வெளியே இழுத்தான். பாதி அழுகிய பன்றித்தலை. நான் வேலி ஓரமாகப் போய்க் காலையில் தின்ற எல்லாவற்றையும் கக்கினேன். அவன் கையைப் பேண்ட்டில் ஒரு தேய் தேய்த்துவிட்டு, அதே கையால் ஹாம் சாண்ட்விச்சைப் பிட்டு என்னிடம் நீட்டினான்.

"சாப்பிடுடா டோனல். வெறும் தூசி."

அவன் உதட்டோரத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நாக்கை நீட்டி நக்கிக்கொண்டான். துடைக்கவே இல்லை.

எனக்கோ எல்லாமே குமட்டும். குப்பைத் தண்ணீர் கழுத்தில் வழிந்தால் மூன்று நாள் சோறு இறங்காது. அதைவிட மோசம், யார் வீட்டில் என்ன என்று தெரிந்துபோவது. மறுசுழற்சிக்கான பச்சைத் தொட்டியில் நியூஸ் பேப்பருக்கு அடியில் குழந்தையின் அழுக்கு நாப்கினை மறைத்து வைத்தவள் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை. தவக்காலத்துக்குக் குடியை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரின் தொட்டியைத் தூக்கினால் கணகணவென்று பாட்டில் சத்தம். மூக்கைப் பொத்திக்கொண்டு "ஐயோ பாவம், உங்க வேலை" என்று சொல்பவர்களின் தொட்டியில்தான் புழு அதிகம். தொட்டி காலியானால் போதும். எங்கே போகிறது என்று பதினேழு வருடத்தில் ஒருவர் என்னைக் கேட்டதில்லை.

ஃபின்டன் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தான். காலை ஒன்பது மணிக்கு லோக்கல் ரேடியோவில் இறந்தவர்கள் பெயர் வாசிப்பார்கள். லாரியில் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுக் கேட்பான். அன்று மாலை துக்க வீட்டு வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் நின்று, கையைக் குலுக்கி, "உங்க துக்கத்துக்கு வருந்தறேன்" என்பான். சாண்ட்விச்சும் டீயும் முடித்துவிட்டுத்தான் கிளம்புவான். இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டு முற்றத்தில் எங்கள் இரும்புத் தொட்டி நிற்கும், செத்தவரின் மெத்தையையும் செருப்பையும் வாங்கிக்கொள்ள. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. துக்கத்துக்கு வந்த மனுஷன் அல்லவா.

கல்லறை ஞாயிறுக்கு இலவசத் தொட்டி கொடுத்தது அவனுடைய உச்சகட்டம். வருடத்துக்கு ஒருமுறை சாமியார் வந்து கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்கு முந்தின வாரம் ஊரே வந்து புல் பிடுங்கி, காய்ந்த மலர்வளையங்களை எல்லாம் அள்ளிப் போடும். "கில்ஹூலி பேருல இலவசம்" என்று பீடத்திலிருந்து சாமியார் அறிவிப்பார். கால்பந்து சிறுவர்களுக்கு ஜெர்சியும் அவனுடையதுதான். ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அரசாங்கக் குப்பைக் கிடங்கில் கட்டணம் ஏறிய வருடம் அவன் டெரிகாரா சதுப்பில் பதினொரு ஏக்கர் வாங்கினான். ஃபெசன்ட் பறவை வளர்க்கப் போவதாகச் சொன்னான். அங்கே ஒரு பறவையும் வரவில்லை. ஐந்து குழி வெட்டினான்.

அவன் போட்ட கணக்கு எளிது. ஞாயிறு பதினொரு மணிப் பூசைக்கு எங்கள் தேவாலயப் பங்கில் போகாதவர் இல்லை. அந்த ஒரு மணி நேரம் சாலையில் நாய்கூட இருக்காது. ஃபின்டன் முதல் பெஞ்சில், எல்லாரும் பார்க்கும்படி, குளித்துச் சீவி முழந்தாளில் நிற்பான். நான் லாரியோடு டெரிகாராவில் இருப்பேன். கோழிக் கழிவு, பெயிண்ட் ஆலையின் டிரம்கள், ஆஸ்பத்திரிக் கழிவுப் பை, கல்லறைத் தொட்டி, எல்லாம் அந்தக் குழிகளுக்குள். பூசை முடியும் மணி கேட்கும்போது நான் கேட்டைப் பூட்டிக்கொண்டிருப்பேன்.

பங்குச் சாமியார் ஃபாதர் கீகன் ஒருநாள் பெட்ரோல் பங்கில் என்னைப் பிடித்தார். "டோனல், ஞாயித்துக்கிழமை உன்னைப் பாக்கவே முடியறதில்லையே. நம்பிக்கை போயிடுச்சா?"

"முதுகு வலி, ஃபாதர்" என்றேன்.

"உனக்காக வேண்டிக்கறேன்பா" என்று என் தோளைத் தட்டினார்.

சதுப்பை ஒட்டிக் கீழ்ப்பக்கத்தில் ஒரே ஒரு வீடு. அட்ராக்டா மல்வி. கணவர் போய்ப் பல வருடமாகிறது. பதினாறு மாடு, ஒரு நாய், ஒரு கிணறு. ஊருக்குக் குழாய் வந்தபோதும் அந்தச் சந்துக்குள் வரவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. டெரிகாராக் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்கும். நானே வெயில் நாளில் லாரியை நிறுத்தி வாங்கிக் குடித்திருக்கிறேன்.

குழி வெட்டி இரண்டாம் வருடம் அந்தத் தண்ணீரின் மேலே நிறம் நிறமாக ஒரு ஏடு படிந்தது. பிறகு வாடை. மாடுகள் தொட்டிக்குப் போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. அட்ராக்டா ஒரு ஜாம் ஜாடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார். சந்தைக்கு, தபால் ஆபீசுக்கு, பங்கு மண்டபத்துக் கூட்டத்துக்கு.

"மோந்து பாருங்க. சும்மா ஒரு தடவை மோந்து பாருங்க" என்பார்.

"சதுப்புத் தண்ணி அட்ராக்டா, இரும்பு ஜாஸ்தியா இருக்கும்."

"எங்கப்பன் காலத்துலயும் இதே சதுப்புதானே! அப்போ இரும்பு எங்க போச்சு, மேயப் போச்சா?"

சிரிப்பார்கள். அட்ராக்டாவின் ஜாடி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மதுக்கடையில் யாருக்காவது பீர் சரியில்லை என்றால், "இது என்ன, அட்ராக்டா ஜாடியா?" என்று கேட்பார்கள். ஃபின்டன் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு கூடை அனுப்பினான், பழ கேக்கும் ஒரு பாட்டில் ஷெர்ரியும். அவர் அதைக் கேட்டுக்கு வெளியே, குப்பைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டார். அதையும் நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அரசாங்கத்திலிருந்து தண்ணீர் பரிசோதிக்க ஆள் வந்தார். என்ன புதைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதைத் தேடலாம், தெரியாமல் எதை என்று தேடுவது என்றார். ஆக, அட்ராக்டாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாய். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அதைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஃபின்டன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் லாரிக்கு முன்னால் வந்து நின்றார். கடையில் வாங்கிய தண்ணீர்ப் புட்டிகளை மாடுகளுக்காகச் சைக்கிளில் கட்டியிருந்தார். பதினாறு மாட்டுக்கு!

"டோனல், நீ அங்க என்ன கொட்டறே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, அட்ராக்டா."

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே? தெரியாதுன்னு சொல்றவன் என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பயம். வேறு ஒரு காரணமும் கிடையாது. வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று பிறகு பலவிதமாகப் பூசி மெழுகியிருக்கிறேன். குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்த எனக்கு, அது திரும்பி வந்ததும் மறுபடி சாவியைக் கொடுத்தவன் ஃபின்டன் ஒருவன்தான். அவனை விட்டால் எனக்கு வேறு முதலாளி இல்லை என்று நடுங்கினேன். குப்பை மேல் எனக்கிருந்த குமட்டல் அன்றைக்குத்தான் என் மேலேயே திரும்பியது.

இப்படியே மூன்று வருடம். பிறகு டாம் டிக்னனின் டர்ஃப், அடுப்பில் எரிக்கச் சதுப்பிலிருந்து எடுக்கும் கரிமண், எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

டாம் எங்கள் ஊரின் கால்பந்துக் கோச். சதுப்பில் அவன் நிலம் ஃபின்டனின் நிலத்துக்கு அடுத்தது. மே மாதம் மிஷின்காரன் வந்து சதுப்பு மண்ணைக் கீழிருந்து உறிஞ்சி, குளிர்காலத்து அடுப்புக்கான டர்ஃபைப் புல்லின் மேல் நீள நீளமாகப் பிழிந்து போட்டுவிட்டுப் போனான். ஐந்தாவது குழி வெட்டும்போது ஃபின்டன் எல்லைக் கல்லைத் தாண்டி டாமின் நிலத்துக்குள்ளேயே போயிருந்தான். இரண்டு வாரம் கழித்து டாம் காய்ந்த துண்டுகளை நிமிர்த்தி அடுக்கும்போது, ஒன்றிலிருந்து ஊதா ரிப்பன் நீட்டிக்கொண்டிருந்தது. உடைத்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை. 'என் மோய்ராவுக்கு, டாமும் பிள்ளைகளும்.' அவன் கையெழுத்துதான். நாலு வருடத்துக்கு முன் செத்த மனைவியின் கல்லறையில் அவனே மலர்வளையத்தோடு வைத்தது. சதுப்புக்குள் எதுவும் கெடாது. மை கலங்காமல் இருந்தது.

அன்று சாயங்காலம் பாதி ஊர் டெரிகாராவில் நின்றது. பூட்டை உடைத்து வெறுங்கையால் தோண்டினார்கள். 'அம்மா' என்று பூச் செருகும் பஞ்சில் செய்த எழுத்து, 'அப்பா' என்று செய்த எழுத்து, ரிப்பன்கள், ஜெபமாலைகள். ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைத்து அழுதார்கள். மலர்வளையங்களுக்குக் கீழே கறுப்பாகக் கொழகொழவென்று ஊறி வந்தது. பழைய ரத்தமும் பெயிண்ட்டும் கலந்த வாடை. அதைப் பார்த்து எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். அது என்ன என்று ஒருவர் கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. காலை இழுத்துப் புல்லில் தேய்த்துக்கொண்டார்கள்.

அட்ராக்டா ஜாடியோடு வந்தார். "அதோ, அந்தக் கறுப்பு. இதையும் மோந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

டாம் அழுத முகத்தோடு திரும்பினான். "இன்னிக்கு வேண்டாம் அட்ராக்டா. இன்னிக்குச் செத்தவங்க சமாச்சாரம்."

"நான் சாகற வரைக்கும் காத்திருக்கணுமா அப்போ?"

எல்லாரும் மறுபடி குனிந்து ரிப்பன்களைத் தேடினார்கள். எனக்கு ஊர் மேல் அப்படி ஒரு வெறுப்பு அதற்கு முன் வந்ததில்லை.

ஃபின்டன் மறுநாளே எல்லாக் குழியையும் மூடிச் சமப்படுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் அனுமதி வாங்கிப் பூசையில் எழுந்து பேசினான். "ஒரு டிரைவர், வழி தெரியாம, ஒரே ஒரு தடவை பண்ணின தப்பு. ஆனா பொறுப்பு என்னோடது" என்று குரல் உடைய அழுதான். பெயர் சொல்லவில்லை. கல்லறைத் தொட்டியைத் தூக்கும் லாரியை யார் ஓட்டுகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் தன் செலவில் கிரானைட் சிலுவை வைப்பதாகவும், ஃபாதர் வந்து மந்திரிக்க வேண்டும் என்றும் கேட்டான். வெளியே வரும்போது வரிசையில் நின்று அவன் கையைக் குலுக்கினார்கள்.

என்னிடம் யார்டில் சொன்னான்: "ஒரு மாசம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருடா. உன் வேலை எங்கயும் போகாது. வெறும் தூசி."

மந்திரிக்கும் நாள் நல்ல வெயில். இருநூறு பேர் இருப்பார்கள். புது மண்ணுக்கு மேல் சிலுவை, அதன் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டில் ஃபின்டன். ஃபாதர் கீகன் தீர்த்தப் புட்டியை எடுத்தார். மாதா உருவத்தில் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டி. மூடி சரியாகத் திருகாமல் எல்லாம் கார் சீட்டில் கொட்டிப்போயிருந்தது.

"பரவாயில்ல, இங்கயே தண்ணி எடுத்து மந்திரிச்சுக்கலாம்" என்றார் ஃபாதர். "அட்ராக்டா வீடு பக்கந்தானே. யாராவது ஒரு வாளி கொண்டாங்கப்பா."

ஃபின்டன் சட்டென்று சொன்னான்: "என் ஜீப்புல பாட்டில் தண்ணி இருக்கு ஃபாதர். பனிரெண்டு பாட்டில்."

"கடைத் தண்ணியா? பக்கத்துல கிணறு இருக்கறப்ப எதுக்கு ஃபின்டன்?" என்று சிரித்தார் அவர்.

ஃபின்டன் கூடாது என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அந்தக் கிணற்றுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவன் அல்லவா. என்னைப் பார்த்தான். புருவத்தால் ஜீப்பைக் காட்டினான்.

நான் சந்துக்குள் இறங்கி நடந்தேன்.

அட்ராக்டா கதவிலேயே நின்றிருந்தார். அழைக்காததால் வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தத் தண்ணி வேணும்? கடையில வாங்கினது இருக்கு. என் தண்ணியும் இருக்கு."

"உங்க தண்ணி."

தகர வாளியை எடுத்து அவரே இறைத்துக் கொடுத்தார். மேலே அந்த ஏடு சுழன்றது. தூக்கி நடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

ஃபாதர் வாளியை உற்றுப் பார்த்து மூக்கைச் சுளித்தார். ஆனால் இருநூறு பேர் தலை குனிந்து நிற்கும்போது என்ன செய்வார்? ஜெபம் சொல்லி, சிலுவை அடையாளம் போட்டு, தெளிக்கும் கோலை வாளியில் முக்கி எடுத்துத் தண்ணீரை வீசினார். சிலுவை மேல். மண் மேல். பிறகு எங்கள் பங்கின் வழக்கப்படி வரிசை வரிசையாக ஜனங்கள் மேல். நெற்றியில், கன்னத்தில், நல்ல உடுப்பில், ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த வாய்களில் விழுந்தது. வாடை எழும்பிற்று. ஒரு பெண் குமட்டி வாயைப் பொத்தினாள். டாம் கண்ணை இறுக்கிக்கொண்டான். யாரும் துடைக்கவில்லை. மந்திரித்த தண்ணீரைத் துடைத்து எறிய எங்கள் ஊரில் எவனுக்கும் கை வராது.

கடைசி வீச்சு ஃபின்டனின் வாய்க்கு நேரே போனது. பன்றித்தலையைத் தொட்ட கையால் சாண்ட்விச் தின்றவன். பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி உதட்டைத் துடைத்தான், மறுபடி துடைத்தான், அதில் துப்பவும் செய்தான். இருநூறு பேரும் பார்த்தார்கள்.

அட்ராக்டா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கேட்டார். கத்தவில்லை.

"ஏன் துடைக்கறே ஃபின்டன்? உனக்கு ஒரு சொட்டு. மாடு கன்னுக்குக் கடைத் தண்ணி வாங்கவே எனக்குக் கையில இருக்கறது சரியாப் போயிடுது. மூணு வருஷமா இந்தக் கிணத்துத் தண்ணியிலதான் என் டீ."

ஃபாதர் வாளியைப் பார்த்தார், பிறகு தன் கையை. என் தலையில் விழுந்தது புருவம் வழியாக இறங்கிக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஃபாதர்" என்றேன். "பதினோரு மணிப் பூசைக்கு நான் ஏன் வரதில்லன்னு கேட்டீங்க. இங்கதான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். நீங்க நிக்கற இடத்துக்குக் கீழ பெயிண்ட் டிரம் நாப்பதுக்கு மேல இருக்கு. அதுக்குக் கீழ கோழிக் கழிவு. இந்த மாதிரி இன்னும் நாலு குழி. எல்லாத்தையும் நான் காட்டறேன்."

"டேய்!" என்றான் ஃபின்டன். கைக்குட்டையை இன்னும் வாயில் வைத்திருந்தான்.

அட்ராக்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எனக்கு நன்றி சொல்வார் என்று எந்த முகத்தோடு எதிர்பார்த்தேனோ தெரியாது, எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, மிச்சத் தண்ணீரைச் சிலுவையின் அடியில் கவிழ்த்தார்.

"மூணு வருஷம், டோனல்" என்றார்.

வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.